ஒரு ஆளுக்கான பாய்

அப்பாவின் வள்ளம் இரண்டு பேருக்கென்று உள்ள வள்ளம். ஒருவர் பின்னுக்கு இருந்து சுக்கான் பிடிக்க வேண்டும். மற்றவர் முன்னுக்கு நின்று பாயை ஏற்ற, இறக்க, பக்கம் மாற்ற வேண்டும். எங்களுக்கு நினைவு தெரிந்த காலத்தில் பின்னுக்கு அப்பாவும் முன்னுக்கு அண்ணாவும் இருந்தார்கள். அதற்கு முதல் பின்னுக்கு அப்பப்பா, முன்னுக்கு அப்பா. அண்ணா வெளிநாடு போன பிறகு முன்னுக்கு ஒருவரும் இல்லை. ஆனால் வள்ளம் மாறவில்லை. பாய் மாறவில்லை, கயிறுகள் கட்டியிருந்த இடமும் மாறவில்லை. மூன்று வருசம் அப்பா அந்த ரெண்டு பேரின் வேலையையும் தனியச் செய்தார்.

வீட்டில் மிஞ்சி இருந்த நாங்கள் ரெண்டு பிள்ளையளும் அதைப் பற்றி ஒரு நாள்கூட யோசித்ததில்லை. ஒருத்தி கம்பஸில் கலைப்பீடம், மற்றவன் ஏ.எல். படிக்கிறான். நாங்கள் காலமை எழும்பும்போது அப்பா வந்திருப்பார். நண்டு தரம் பிரித்து முடிந்திருக்கும். அவர் எப்படிப் போனார், எப்படி வந்தார் என்பது எங்களுக்குத் தேவையில்லாத விசயமாக இருந்தது.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்கட வள்ளத்துப் பாய் நாலு மூலை உள்ளது. படங்கை வெட்டித் தைத்தது. அதன் மேல் விளிம்பு ஒரு மூங்கிலில் கட்டியிருக்கும், அதுதான் பருமல். பருமலைப் பாய்மரத்தின் உச்சிக்கு இழுக்கிற கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்ப் பின்மூலையில் இருந்து சுக்கான் பிடிக்கிறவரின் கைக்கு வருகிற கயிறு தாமான். கீழ் முன்மூலை அணியத்தில், அதாவது வள்ளத்தின் மூக்கில் கட்டியிருக்கும். இந்தப் பாய் நல்லாக இழுக்கும். ஆனால் ஒரு வில்லங்கம். காற்று வலப்பக்கத்தில் இருந்து இடப்பக்கத்துக்கு மாறினால் பாயும் பாய்மரத்துக்கு மற்றப் பக்கம் போக வேண்டும். அதற்குப் பாயைப் பாதி இறக்கி, பருமலைப் பாய்மரத்தைச் சுற்றிக் கொண்டுபோய், திரும்பவும் ஏற்ற வேண்டும். களப்புக்குள் நட்டிருக்கிற வலைக் கம்புகளையும் திடல்களையும் சுற்றி வருகிறவருக்கு இது ஒரு பயணத்தில் நாலைந்து தரம் வரும். ரெண்டு பேர் இருந்தால் அரை நிமிச வேலை. ஒருவர் தனிய என்றால் சுக்கானை விட்டுவிட்டு முன்னுக்கு ஓட வேண்டும். சுக்கானை விட்டால் வள்ளம் தன்பாட்டுக்குத் திரும்பும்.

போன வருசம் ஆடி மாதம், சோளகம் பலத்துக் கிடந்த ஒரு காலமை, அப்பா நண்டு வலை எடுத்துக்கொண்டு பாசையூர்ப் பக்கம் திரும்பி வந்துகொண்டிருந்தார். காற்று பின்னுக்கு. முழுப் பாய். காற்று இன்னும் ஏற, பாயை இறக்க வேண்டும் என்று விளங்கியிருக்கிறது. ஆஞ்சான் கட்டியிருந்தது பாய்மரத்தின் அடியில். எழும்பி முன்னுக்குப் போனார். நனைந்த நைலோன் கயிற்று முடிச்சு இறுகிப்போய் இருந்தது. அதை அவிழ்த்த பிறகும் பருமல் கீழே வரவில்லை, காற்று அதைப் பாய்மரத்தோடு அமத்திப் பிடித்திருந்தது. அவருடைய பாரம் முன்னுக்குப் போனதால் அணியம் தாழ, சுக்கானில் ஆளில்லாத வள்ளம் குறுக்கால திரும்பி, பாதி தண்ணியை அள்ளிக்கொண்டு சரிந்தது. பாய்மரத்தைப் பிடித்துத் தொங்கினதில் வலது தோள் மூட்டு விலகியது.

களப்பு ஆழமில்லாததால் அப்பா இன்றைக்கு இருக்கிறார். தண்ணி நெஞ்சளவு. ஒரு கையால் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வேறு வள்ளக்காரர் கண்டு கூட்டி வந்தார்கள். வலையில் பாதி போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் மூட்டைப் போட்டுவிட்டு, ஆறு கிழமை கையைத் தூக்கக் கூடாது என்றார்கள். அம்மா மூன்றாம் நாளே சொல்லிவிட்டா: "இஞ்சேருங்கோ, வள்ளத்தைக் குடுத்திடுவம். நீங்கள் இனித் தனியப் போக வேண்டாம்." அப்பா பதில் சொல்லவில்லை. கட்டிலில் இருந்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 56 வயசில் வேற என்ன வேலை தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததுதான் எங்களுக்குக் கஸ்டமாக இருந்தது.

எஞ்சின் போடலாம் என்று மாமா சொன்னார். அதையும் கதைத்துப் பார்த்தோம். 2022இல் மண்ணெண்ணெய்க்கு என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முதலில் எண்ணெயே இல்லை. பிறகு ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய் ஆனது. எஞ்சின் வைத்திருந்தவர்கள் கரையில் இருக்க, பாயும் மரக்கோலும் வைத்திருந்தவர்கள் தொழிலுக்குப் போன கிழமைகளும் இருந்தன. பொருளாதாரத் தடைக் காலத்திலும் இதே கதைதான் என்று அப்பா சொல்லுவார். எண்ணெய் போகிற ஒவ்வொரு தரமும் பாய் திரும்பி வரும். எங்கட வலை கிடக்கிற இடத்துக்கு ரெண்டு மூன்று கிலோமீற்றர்தான். தண்ணி குறைந்த இடத்தில் சாதாளை காற்றாடியில் சுற்றிக்கொள்ளும். எஞ்சினுக்குக் கடன் எடுத்து, அந்தக் கடனுக்காக எஞ்சின் ஓட்ட வேண்டும். வேண்டாம் என்று முடிவானது.

மிஞ்சினது ஒரே கேள்வி. ரெண்டு பேருக்கான பாயை ஒரு ஆளுக்கான பாயாக மாற்ற ஏலுமா?

யாழ்ப்பாணத்தில் பாய்க்கப்பல் பற்றிக் கேட்டால் எல்லாரும் வல்வெட்டித்துறைக்குப் போய்விடுவார்கள். 1930இல் அங்கே கட்டின அன்னபூரணி அம்மாள், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. பெருமையான கதைதான், எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கதையில் கயிறு இழுக்க ஆட்கள் இருந்தார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது ஆள் இல்லாதவனின் கதை.

அப்படிக் கதைகளும் இருக்கின்றன. ஜோசுவா ஸ்லோகம் என்ற மாலுமி 1895இல் பொஸ்ரனில் இருந்து ஸ்ப்ரே என்ற சின்னப் பாய்க்கப்பலில் தனிய வெளிக்கிட்டு, 1898இல் உலகத்தைச் சுற்றித் திரும்பினார். வெளிக்கிடும்போது வயசு 51. எங்களுக்குப் பிடித்தது அவர் சுற்றினது அல்ல, வழியில் அவர் செய்த ஒரு வேலை. புவனஸ் அயர்ஸில் பாய்மரத்தைக் கழற்றி 7 அடி குறைத்தார். பிறகு பின்பக்கத்தில் இன்னொரு சின்னப் பாயும் போட்டார். ஒரு பெரிய பாய்க்குப் பதிலாகத் தன் கைக்கு அடங்கிற பாய்கள். 1960இல் அத்திலாந்திக்கைத் தனிய கடக்கும் முதலாவது போட்டியில் ஹஸ்லர் என்பவர் ஜெஸ்டர் என்ற 25 அடிப் படகில் போனார். அவருடைய பாய் சீனத்துப் பாய், குறுக்குக் கம்புகள் வைத்தது, கயிற்றை விட்டால் தானாக மடிந்து விழும். கயிறுகள் எல்லாம் படகின் நடுவில் இருந்த ஒரு வட்டத் துவாரத்துக்கு வரும். அவர் அந்தத் துவாரத்துக்குள் நின்றுகொண்டே பாயை ஏற்றுவார், குறைப்பார், இறக்குவார். 48 நாளில் இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தார்.

இதை அப்பாவுக்குச் சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கயிறு ஆளிட்ட வரோணும், ஆள் கயித்திட்டப் போகக்கூடாது. அதுதானே?" என்றார். நாங்கள் ரெண்டு கிழமை படித்ததை அவர் ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்.

முதல் மாற்றத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. பாயின் கீழ் முன்மூலையை அணியத்தில் இருந்து அவிழ்த்து, பாய்மரத்தின் அடியில் கட்டினோம். பருமலில் ஆஞ்சான் கட்டுகிற இடத்தையும் மாற்றினோம். முன்நுனியில் இருந்து மூன்றில் ஒரு பங்கில் இருந்ததை நாலில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தோம். இப்போது பாய்மரத்துக்கு முன்னால் நிற்கிற பாய் கொஞ்சம்தான். அதனால் பக்கம் மாறும்போது பருமலைச் சுற்றிக் கொண்டுபோகத் தேவையில்லை. ஒரு பக்கக் காற்றில் பாய் பாய்மரத்தோடு முட்டி ஒரு மடிப்பு விழும், இழுவை கொஞ்சம் குறையும். அவ்வளவுதான் நட்டம். பாய்மரத்தடிக்கு ஓடுகிற ஓட்டம் நின்றது.

ஆனால் ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. பாய் முழுக்கப் பின்னுக்கு வந்ததால் வள்ளம் காற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றது. சுக்கான் பாரமாகிவிட்டது. தோள் நொந்த மனுசனுக்குச் சுக்கானைப் பாரமாக்கிக் கொடுத்தோம்! அப்பாதான் வழி சொன்னார். பாய்மரம் நுழைகிற பலகைத் துவாரத்தில், பின்பக்கத்தில் ஆப்பு வைத்து மரத்தை முன்னுக்குச் சாய்க்கச் சொன்னார். உச்சியில் ஒரு சாண் அளவு முன்னுக்குப் போனது, சுக்கான் இலேசாகியது. இன்னும் சாய்ப்போமா என்று கேட்டோம்.

"வேண்டாம் மோனை. கொஞ்சம் திரும்பத்தான் வேணும். நான் விழுந்தாலும் சுக்கானை விட்டாலும் வள்ளம் காத்துக்கு முகம் குடுத்திட்டு நிக்கோணும். ஓடிப் போகக்கூடாது."

அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. மூன்று வருசமாக அவர் இதை யோசித்துக்கொண்டுதான் கடலுக்குப் போயிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது.

இரண்டாவது மாற்றத்தில்தான் நாங்கள் பிழை விட்டோம். ஆஞ்சானை அப்பா இருக்கிற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முன்பு அது பாய்மர உச்சியில் இருந்த ஒரு ஓட்டைக்குள்ளால் ஓடியது. உரசல் கூட. உச்சியில் ஒரு கப்பி, மரத்தின் அடியில் ஒரு கப்பி, அங்கே இருந்து பின்னுக்குக் கயிறு. இதுதான் திட்டம். கப்பிக்கு எங்கே போவது? வீட்டில் மோட்டர் போட்ட பிறகு சும்மா கிடந்த கிணற்றுக் கப்பி இருந்தது. அதைத் துடைத்து, கிரீஸ் பூசி, உச்சியில் கட்டினோம். எங்களுக்குச் சரியான பெருமை. படம் எடுத்து அண்ணாவுக்கும் அனுப்பினோம்.

கிணற்றுக் கப்பி தடித்த கயிற்றுக்குச் செய்தது. சில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் விரல் போகிற இடைவெளி. கிணற்றில் கயிறு எப்போதும் பாரத்தோடு நேராக நிற்கும், அதனால் பிரச்சினை இல்லை. வள்ளம் ஆடும். கயிறு ஒரு நொடி தளர்ந்தால் சில்லில் இருந்து விலகி அந்த இடைவெளிக்குள் விழும். பிறகு இழுக்கிற அளவுக்கு இறுகும். பரீட்சிக்கப் போன முதல் நாளே அதுதான் நடந்தது. பாய் ஏறியது, இறங்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் வள்ளத்தில், பாய் மேலே, காற்று மெல்ல ஏறுகிறது. அப்பா ஏசவில்லை. வள்ளத்தைக் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்பாட்டிவிட்டு, "மரத்தை ஆப்போட கழட்டிச் சரியுங்கோ" என்றார். தம்பியும் அக்காவும் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முழுசாகச் சரித்தோம். கரைக்கு மரக்கோல் ஊன்றி வந்தோம்.

அன்றைக்கு இரவு நாங்கள் ரெண்டு பேரும் சாப்பிடவில்லை. அப்பா தனியப் போயிருந்த நாளில் அது நடந்திருந்தால் என்ற நினைப்பு விடவில்லை. பழைய ஓட்டை உரசினாலும் ஒரு நாளும் சிக்கியதில்லை. உதவி செய்கிறோம் என்று போய், இல்லாத ஆபத்தொன்றைக் கொண்டுபோய் அவர் தலைக்கு மேலே கட்டியிருக்கிறோம். ஏலாதவர்கள் செய்கிற வேலைக்கு ஒரு மன்னிப்பு உண்டு, கடலில் அது இல்லை.

ரெண்டாம் தரம் அவசரப்படவில்லை. ஹாட்வெயார் கடையில் நைலோன் சில்லு வைத்த கப்பி வாங்கினோம். கயிற்றை ஒரு துண்டு கொண்டுபோய், சில்லுக்கும் பக்கத்துக்கும் இடையில் அது நுழையுதா என்று கடையிலேயே அமத்திப் பார்த்தோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். அடிக் கப்பியையும் அதே போல் போட்டு, ஆஞ்சானை அப்பாவின் இருக்கைப் பலகையில் அடித்த ஒரு மரமுளைக்குக் கொண்டுவந்தோம். முடிச்சு இல்லை. முளையைச் சுற்றி எட்டுப் போல நாலு சுற்று. நனைந்தாலும் இறுகாது, ஒரு கையால் அவிழும்.

நீண்ட கயிறு இன்னொரு பிரச்சினையைக் கொண்டுவந்தது. மிச்சக் கயிறு காலுக்குள் கிடக்கும். விடும்போது சிக்குப்பட்டு, கப்பி வாயில் முடிச்சாகப் போய் நிற்கும். இதற்குத் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். வெட்டின எண்ணெய்க் கான் ஒன்றை இருக்கைக்குப் பக்கத்தில் கட்டி, கயிற்றின் நுனியை முதலில் போட்டு, மேலே மேலே அப்படியே விழ விட்டான். சுருட்டி வைக்கிற கயிறுதான் முறுக்கும். இப்படி விழுந்த கயிறு விழுந்த ஒழுங்கின் மறுபக்கமாக, சிக்கில்லாமல் வெளியே வரும். முழு வேலையிலும் அப்பா "நல்லது" என்று வாய் திறந்து சொன்னது இந்தக் கானுக்கு மட்டும்தான்.

மூன்றாவது, இறக்குகிற கயிறு. ஆஞ்சானை விட்டால் பாய் தானாக விழும் என்று நினைப்பது கரையில் இருக்கிறவர்களின் நினைப்பு. ஆடி மாதம் நடந்தது அதுதானே, முடிச்சு அவிழ்ந்தும் பருமல் வரவில்லை. அதனால் பருமலில், ஆஞ்சான் கட்டின அதே இடத்தில் இன்னொரு கயிறு கட்டி, மரத்தடியால் பின்னுக்குக் கொண்டுவந்தோம். ஆஞ்சானை விட்டு இதை இழுத்தால் பருமல் வந்தே ஆக வேண்டும். பருமல் மரத்தை விட்டு வெளியே ஆடாமல் இருக்க ஒரு கயிற்று வளையமும் போட்டோம். கயிறு மரத்தில் உரசிப் பிடிக்காமல் இருக்க, பி.வி.சி. குழாயைச் சின்னச் சின்ன வளையமாக அறுத்து மணி போலக் கோத்தோம். தேய்க்கிற பேப்பரால் விளிம்பை மினுக்கியது அம்மா. வள்ளத்தை விற்கச் சொன்ன அம்மாதான். "குடுக்கிறதெண்டாலும் ஒழுங்கா இருக்கட்டுமே" என்றா.

நாலாவது, பாயைக் குறைக்கிறது. கீழ் விளிம்பில் இருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, ஓட்டை கிழியாமல் ரெட்டைத் துண்டு வைத்துத் தைத்து, சின்னக் கயிறுகள் கட்டினோம். காற்று கூடின நாளில் கீழ்ப் பங்கை மடித்துக் கட்டிவிட்டுப் போகலாம். அப்பப்பாவின் பாயிலும் இப்படி ஒரு வரிசை இருந்ததாம். படங்குப் பாய் வந்த பிறகு யாரும் தைக்கவில்லை, ரெண்டு பேர் இருந்ததால் தேவைப்படவுமில்லை. நாங்கள் புதிதாகச் செய்கிறோம் என்று நினைத்ததில் பாதி, வீட்டில் ஒரு காலத்தில் இருந்ததுதான்.

தோற்றவற்றையும் சொல்ல வேண்டும். பாயின் கீழ் விளிம்பு விரிந்து நிற்கட்டும் என்று அதிலும் ஒரு மூங்கில் கட்டிப் பார்த்தோம். காற்று மாறும்போது அது அப்பாவின் தலைக்கு மேலால் வீசிப் போனது. ஒரு தரம் தொப்பியைத் தட்டியது. அன்றைக்கே கழற்றினோம். தாமானில் ஒரு கப்பி போட்டால் இழுவை பாதியாகும் என்று புத்தகங்களில் இருந்தது. உண்மைதான், பாதியானது. ஆனால் இழுக்க வேண்டிய கயிற்றின் நீளம் ரெண்டு மடங்கானது. காற்று திடீரென்று அடிக்கும்போது தாமானை விட்டால் பாய் உடனே காற்றை விட வேண்டும். கப்பியோடு அது ஆறுதலாகத்தான் விட்டது. அப்பா ரெண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுக் கழற்றித் தந்தார். "இதில காத்து என்ன சொல்லுதெண்டு கைக்குத் தெரியேல்லை" என்றார். அதற்குப் பதிலாக ஒரு மரமுளை. தாமானை அதில் அரைச் சுற்றுச் சுற்றிப் பிடித்தால், உரசலே பாதிப் பாரத்தைத் தாங்கும். கையை விட்டால் உடனே ஓடும். ஒரு நாளும் கட்டி வைக்கக் கூடாது. இது அப்பாவுக்கு முதலே தெரியும், முளை அடிக்க இடம்தான் நாங்கள் பார்த்துக் கொடுத்தோம்.

கார்த்திகையில், வாடைக் காற்று தொடங்கின பிறகு, அப்பா திரும்பத் தொழிலுக்குப் போனார். முதல் கிழமை எங்களில் ஒருவர் மாறி மாறிக் கூடப் போனோம். பொம்பிளைப் பிள்ளை வள்ளத்தில் ஏறுவதைப் பற்றிக் கரையில் ரெண்டு கதை வந்தது. அந்தக் கிழமை நண்டும் பட்டதால் கதை நின்றுவிட்டது. ரெண்டாம் கிழமை அப்பா, "எனக்கு இனிப் பழகிப் போச்சு, நீங்கள் படியுங்கோ" என்றார்.

அன்று இரவு அண்ணா வீடியோ கோல் எடுத்தார். வள்ளத்தை, கப்பிகளை, எண்ணெய்க் கானை எல்லாம் காட்டினோம். நல்லாகச் செய்திருக்கிறீங்கள் என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை நான் போக முதலே செய்து வச்சிருக்கலாம், என்ன?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. அவர் அதைத் தன்னைக் குற்றம் சொல்லிக் கேட்டாரா, எங்களையா என்று இன்னும் தெரியாது.

அந்தக் கேள்வி எங்களைவிட்டுப் போகவில்லை. பாயை ஒரு ஆளுக்கானதாக்கினோம் என்றால், இனி அப்பா தனியப் போகலாம் என்று அர்த்தம். இனி ஒருவரும் கூடப் போகத் தேவையில்லை என்றும் அர்த்தம். ஒருத்திக்கு டிகிரி முடிய வேலை, மற்றவனுக்கு ஏ.எல். முடியக் கொழும்போ வெளிநாடோ. நாங்கள் அப்பாவுக்கு வசதி செய்தோமா, அல்லது நாங்கள் இல்லாமல் போவதற்கு எங்களுக்கே வசதி செய்துகொண்டோமா? ரெண்டும் ஒரே கயிறுதான் போல. எங்கட ஊரில் எத்தனையோ வீட்டில் முன்னுக்கு நின்றவர்கள் போய்விட்டார்கள். பின்னுக்கு இருப்பவர்கள் பழைய பாயோடு ரெண்டு பேரின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். போகாதே என்று சொல்ல எங்களால் ஏலாது, நாங்களும் போகப் போகிறவர்கள். ஆனால் போக முதல் கயிற்றை அவர்கள் கைக்குக் கொண்டுவந்து வைக்கலாம். அதைக்கூட மூன்று வருசம் கழித்து, ஒரு தோள் போன பிறகுதான் செய்தோம்.

இப்போது சனிக்கிழமைகளில் எங்களில் ஒருவர் கூடப் போகிறோம். முன்னுக்குப் போய் இருந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லாக் கயிறும் பின்னுக்குப் போகின்றது. நான் என்ன செய்ய அப்பா என்று ஒருநாள் கேட்டதற்கு, "சும்மா இரு, பாரத்துக்கு" என்றார். உண்மையில் முன்னுக்கு ஒரு பாரம் இருந்தால் வள்ளம் அலையில் குறைவாகத்தான் குதிக்கிறது.

இந்த வருசமும் சோளகம் வந்தது. ஒரு காலமை காற்று சட்டென்று ஏற, அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினா. நாங்களும் பின்னால் ஓடினோம். தூரத்தில் எங்கட நீலப் பாய் தெரிந்தது. முழுப் பாய் இல்லை, கீழ்ப் பங்கு மடித்திருந்தது. வலைக் கம்புகளைச் சுற்றி ஒரு தரம் பக்கம் மாறியது. அணியப் பக்கம் ஒருவரும் எழும்பவில்லை. பிறகு, கரைக்குக் கிட்ட வரும்போது, பாய் ஒரே மூச்சில் கீழே வந்தது. நாங்கள் அப்போதுதான் மூச்சு விட்டோம். அப்பா பின்னுக்கு இருந்த இடத்திலேயே இருந்தார்.

மரக்கோல் ஊன்றிக் கரைக்கு வந்தவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். ஏன் நிற்கிறோம் என்று கேட்கவில்லை.

"அந்தக் கான் வெடிச்சுப் போச்சு," என்றார் தம்பியிடம். "வேற ஒண்டு வெட்டித் தா. இதைவிடக் கொஞ்சம் பெருசா."